விமானப் பயணத்தில் நமக்கு என்ன உரிமை? முன்பதிவு மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் பயணச்சீட்டு முன்பதிவு அலுவலகம் நடத்துகிறவன் நான். டிக்கெட் போட்டுக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பயணத்தில் ஏதாவது தவறினால் வரும் தொலைபேசி அழைப்புகளுக்குத்தான் நாள் முழுவதும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர், ஷார்ஜா, சென்னை என்று ஊர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. எனவே அவற்றை, கேட்டவர்களின் வார்த்தைகளை இயன்றவரை மாற்றாமல், இங்கே தொகுத்திருக்கிறேன். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன என்பதால், பெரிய தொகைக்குக் கோரிக்கை வைக்குமுன் நடப்பு விதியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

விமானம் நான்கு மணி நேரம் தாமதம் என்கிறார்கள். சாப்பாடாவது தருவார்களா, அதையும் நாமேதான் வாங்கிக்கொள்ள வேண்டுமா?

தர வேண்டும். டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2010-இல் வெளியிட்டு, பிறகு சில முறை திருத்திய விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் 2 மணி நேரமும், இரண்டரை முதல் 5 மணி நேரம் வரை பறப்பது 3 மணி நேரமும், அதைவிட நீண்ட பயணம் 4 மணி நேரமும் தாமதமானால், உரிய நேரத்தில் செக்-இன் செய்த பயணிகளுக்கு உணவும் சிற்றுண்டியும் இலவசமாகத் தரப்பட வேண்டும். சென்னை–மதுரைக்கு 2 மணி நேரக் கணக்கு, சென்னை–டெல்லிக்கு 3 மணி நேரக் கணக்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால், மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கும் உரிமை உங்களுக்கு வருகிறது. 24 மணி நேரத்துக்கு மேல் நீண்டாலோ, இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, தங்கும் விடுதியும் அவர்கள் பொறுப்பு. ஆனால் வெறும் தாமதத்துக்காக ரொக்க நஷ்டஈடு இந்திய விதியில் கிடையாது. பலரும் இருப்பதாக எண்ணிக்கொண்டு சண்டை போடுகிறார்கள். கூப்பன் தருகிறோம் என்று யாரும் ஒலிபெருக்கியில் கூவி அழைக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கவுன்ட்டருக்குப் போய்க் கேட்டவர்கள் சாப்பிட்டார்கள், நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தவர்கள் பட்டினி கிடந்தார்கள் என்ற கதையை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்.

விமானத்தையே ரத்து செய்துவிட்டார்கள். டிக்கெட் பணம் மட்டும்தான் திரும்ப வருமா?

எப்போது உங்களுக்குத் தெரிவித்தார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தாலும், அதற்குப் பிறகு புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பு வரை சொல்லியிருந்தாலும், மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். அந்த அவகாசமும் தராமல் ரத்து செய்தால், அதற்கு மேல் நஷ்டஈடும் உண்டு: பறக்கும் நேரம் ஒரு மணி வரை என்றால் 5,000 ரூபாய், ஒன்று முதல் இரண்டு மணி வரை 7,500 ரூபாய், அதற்கு மேல் 10,000 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணத்துடன் எரிபொருள் கட்டணம் சேர்ந்த தொகை. இவற்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தொடர்பு எண்ணைச் சரியாகத் தராத பயணிக்கு நஷ்டஈடு இல்லை என்று அதே விதி சொல்கிறது. செல்பேசிச் செயலியிலோ எங்களைப் போன்ற முகவரிடமோ டிக்கெட் எடுக்கும்போது முகவரின் எண்ணே பதிவாகிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. ரத்து செய்தி அவருக்குப் போய் நிற்கும், நீங்கள் பெட்டியோடு விமான நிலையத்தில் நிற்பீர்கள். டிக்கெட் கையில் வந்தவுடன் நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆர் எனப்படும் முன்பதிவு எண்ணைப் போட்டு, உங்கள் எண் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

எதைக் கேட்டாலும் ‘வானிலை’ என்கிறார்கள். அப்படிச் சொன்னால் எதுவும் தர வேண்டியதில்லையா?

நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய காரணங்களுக்கு நஷ்டஈட்டிலிருந்து விலக்கு உண்டு என்பது உண்மை. இயற்கைச் சீற்றம், கலவரம், வேலைநிறுத்தம், அரசு உத்தரவு, பாதுகாப்பு அச்சுறுத்தல் எல்லாம் இதில் அடங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலைய ஓடுபாதையில் வெள்ளம் நின்றது. அன்று யாரையும் குறை சொல்ல முடியாது. போகியன்று பழையதைக் கொளுத்தி நாமே கிளப்பிவிடும் புகை பனியோடு கலந்து மீனம்பாக்கத்தை மூடிவிடுவதும் அப்படித்தான். அன்று காலை சென்னைக்கு டிக்கெட் கேட்பவர்களிடம், முடிந்தால் மதியத்துக்கு மேல் போங்கள் என்றுதான் சொல்லுவேன்.

ஆனால் ‘வானிலை’ என்ற சொல் எல்லாவற்றுக்கும் போர்த்தும் போர்வையாகிவிடக் கூடாது. உங்கள் ஊரிலும் சேரும் ஊரிலும் வெயில் அடிக்க, அதே தடத்தில் மற்ற நிறுவனங்களின் விமானங்கள் போய்க்கொண்டிருந்தால், அந்தத் தகவல் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2025 டிசம்பர் தொடக்கத்தில், விமானிகளின் பணிநேரம் பற்றிய புதிய விதிக்கு ஏற்ப ஆள்பலம் இல்லாமல் இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. விதி எப்போது நடைமுறைக்கு வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். அது புயலோ பனியோ அல்ல. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 10,000 ரூபாய் மதிப்புள்ள வவுச்சர் தருவதாக அந்நிறுவனமே பின்னர் அறிவித்தது.

தொழில்நுட்பக் கோளாறு என்று இறக்கிவிட்டார்கள். பொய் சொல்கிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

இந்த ஒரு விஷயத்தில் நான் நிறுவனங்களின் பக்கம். 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானில் வட்டமடித்துவிட்டு, இரவு எட்டே கால் மணி அளவில் திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியது. ஊரே மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்த மாலை அது. தரையில் இருக்கும்போதே கோளாறைக் கண்டுபிடித்து இறக்கிவிடுகிற பொறியாளர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அதற்காக உணவு, மாற்று விமானம், விடுதி பற்றி முதல் கேள்வியில் சொன்னவை ரத்தாகிவிடுவதில்லை. அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

கையில் டிக்கெட் இருக்கிறது, நேரத்துக்கும் வந்துவிட்டேன். ‘சீட் நிரம்பிவிட்டது’ என்றால் என்ன அர்த்தம்?

இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். சிலர் எப்படியும் வரமாட்டார்கள் என்ற கணக்கில் நடக்கும் வேலை. இந்த நிலையில் முதலில் தாமாக விட்டுக்கொடுக்க முன்வருபவர்களைக் கேட்க வேண்டும். யாரும் வராதபோதுதான் மறுக்கலாம். மறுத்துவிட்டு, உங்கள் விமானம் புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானத்தில் அனுப்பினால் நஷ்டஈடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையின் இரு மடங்கு, உச்சவரம்பு 10,000 ரூபாய். அதற்கும் மேல் போனால் நான்கு மடங்கு, உச்சவரம்பு 20,000 ரூபாய். மாற்று விமானமே வேண்டாம் என்றால் முழு டிக்கெட் பணத்துடன் அந்த நான்கு மடங்குத் தொகையும் சேர்ந்து வர வேண்டும்.

நீங்கள் தாமதமாக வந்ததாகக் குறித்துக்கொண்டால் இவை எல்லாம் போய்விடும். ஆகவே கவுன்ட்டரில் நிற்கும்போதே, கடிகாரமும் வரிசையும் தெரியும்படி ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

‘பணம் திரும்பாது’ என்ற மலிவு டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசாவும் வராதா?

வரும். பயணி பறக்காதபோது விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம் போன்றவற்றை நிறுவனம் வைத்துக்கொள்ள முடியாது. ரத்துக் கட்டணமும் அடிப்படைக் கட்டணத்துடன் எரிபொருள் கட்டணம் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. சில நூறு ரூபாய்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பம் என்றால் அது சில ஆயிரம்.

பெட்டி வரவில்லை. ‘வீட்டுக்குப் போய் மெயில் அனுப்புங்கள்’ என்கிறார்கள். போகலாமா?

போகாதீர்கள். பெட்டி வராவிட்டாலும் உடைந்து வந்தாலும், அந்த வளாகத்தை விட்டு வெளியேறுமுன் பிஐஆர் என்ற பெட்டிப் புகார்ப் படிவத்தை நிரப்பச் சொல்லி, அதன் எண்ணோடு ஒரு பிரதியைக் கையில் வாங்குங்கள். இந்தக் காகிதம் இல்லாவிட்டால், பெட்டி வீட்டில் உடைந்ததா விமானத்தில் உடைந்ததா என்ற வாதத்தில் நீங்கள் தோற்பீர்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். உறவினர் திருமணத்துக்காக மலேசியாவின் கிள்ளானுக்குப் போனபோது என் பெட்டி வரவில்லை. பட்டு வேட்டி, மனைவியின் சேலைகள், சீர்வரிசைக்கு எடுத்துப்போன வெள்ளிக் குங்குமச்சிமிழ் எல்லாம் அதில்தான். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் தன்மையாகப் பேசினார். ஆனால் மூன்று முறை கேட்ட பிறகுதான் படிவத்தை எடுத்தார். மறுநாள் முகூர்த்தம். கிள்ளானின் லிட்டில் இந்தியா கடைத்தெருவில் ஒரு வேட்டியும் ஒரு சேலையும் வாங்கினோம். ரசீதைப் பணப்பையில் மடித்து வைத்தேன். பெட்டி ஒரு நாள் கழித்து வந்து சேர்ந்தது, சிமிழ் உட்பட. ஊர் திரும்பி ரசீதுகளையும் படிவ எண்ணையும் அனுப்பியபோது, அந்த நிறுவனம் ஆறு வாரம் இழுத்தடித்தாலும் துணிக்கான தொகையைத் தந்தது. தாமதமான பெட்டிக்கு, அதுவரை சமாளிக்க வாங்கிய அவசியப் பொருட்களின் செலவைக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. வெள்ளிச் சிமிழைக் கைப்பையில் வைக்காதது மட்டும் முழுக்க என் தவறு.

சர்வதேசப் பயணத்துக்கு 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்துகிறது. இந்தியா அதில் 2009-இல் சேர்ந்தது. சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதம் என்றால் 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும். 21 நாள் கடந்தும் வராத பெட்டி தொலைந்ததாகவே கொள்ளப்படும். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, நம் பணத்தில் இந்த வரம்பு ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேல் வரும். உள்நாட்டுப் பயணத்தில் ஒரு பயணிக்கு 20,000 ரூபாய் என்று பயணிகள் சாசனம் குறிப்பிடுகிறது. இவை உச்சவரம்புகள் மட்டுமே. பெட்டியில் என்ன இருந்தது என்று நீங்கள் காட்டும் ஆதாரத்தைப் பொறுத்துத்தான் தொகை அமையும். பெட்டியை மூடுமுன் திறந்த நிலையில் ஒரு படம் எடுப்பதற்கு அரை நிமிடம் ஆகும்.

அம்மா தனியாகப் போகிறார்கள், நடக்க முடியாது. சக்கர நாற்காலிக்குப் பணம் கேட்பார்களா? நம்பி அனுப்பலாமா?

நடக்க இயலாதவர்களிடம் பணம் கேட்கக் கூடாது. ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே, தவறினால் புறப்பாட்டுக்கு 48 மணி நேரத்துக்கு முன்பாவது, சொல்லிவிடுங்கள். டிக்கெட்டில் அந்தக் குறிப்பு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில், நாற்காலி பற்றாக்குறையால் நடந்தே சென்ற 80 வயது முதியவர் மயங்கி விழுந்து இறந்தார். அதற்காக டிஜிசிஏ ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. நாற்காலி வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், எவ்வளவு நேரமானாலும் எழுந்து நடக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி அனுப்புங்கள்.

நம்பி அனுப்பலாம் என்பதே என் அனுபவம். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து முதன்முறையாக மகளிடம் போன ஒரு பாட்டி, கோலாலம்பூரில் தன் நாற்காலியைத் தள்ளி வந்த பெண், குடிநுழைவு வரிசையில் தன் செருப்பைச் சரிசெய்து மாட்டிவிட்டதையும், மகள் கண்ணில் படும்வரை கூடவே நின்றதையும் ஒரு வருடம் கழித்தும் சொல்லிக்கொண்டிருக்கிறார். விமானத்தில் என்ன சாப்பிட்டார் என்பது அவருக்கு நினைவில்லை.

கோபம் வருகிறது. கவுன்ட்டரில் குரலை உயர்த்தினால்தான் வேலை நடக்கும் என்கிறார்களே?

நடப்பதில்லை. கவுன்ட்டரில் இருப்பவர் பெரும்பாலும் உங்களைவிடக் குறைந்த தகவலுடன், இரவு முழுவதும் நின்றுகொண்டிருப்பவர். 2024 ஜனவரி நடுவில் டெல்லிப் பனியால் விமானங்கள் குழம்பியபோது, தாமதத்தை அறிவித்துக்கொண்டிருந்த விமானியை ஒரு பயணி ஓடிவந்து அடித்தார்; அவர் கைது செய்யப்பட்டார், விமானம் மேலும் தாமதமானது. அதே நாட்களில், திருப்பிவிடப்பட்டு மும்பையில் இறங்கிய ஒரு விமானத்தின் பயணிகள் விமானம் நிற்கும் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்ட காட்சி நாடெங்கும் பரவியது. அதற்காக இண்டிகோவுக்கு 1.2 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. நிறுவனத்துக்குத் தண்டனை வாங்கித் தந்தவை படமும் பதிவும்தான், அடி அல்ல.

அத்துமீறும் பயணிகளுக்குப் பறக்கத் தடை விதிக்கவும் விதி இருக்கிறது: வாய்ச்சண்டைக்கு 3 மாதம் வரை, கைகலப்புக்கு 6 மாதம் வரை, உயிருக்கு ஆபத்தான செயலுக்கு 2 ஆண்டோ அதற்கு மேலோ. ‘இதை எழுத்தில் கொடுங்கள், டியூட்டி மேனேஜரை அழையுங்கள்’ என்ற இரண்டு வாக்கியங்களைத் தாழ்ந்த குரலில் சொல்லிப் பாருங்கள்.

முதல் விமானம் தாமதம், அதனால் அடுத்த விமானத்தைத் தவறவிட்டேன். யார் பொறுப்பு?

இரண்டும் ஒரே பிஎன்ஆரில் இருந்தால் உங்களைச் சேருமிடத்துக்குக் கொண்டு சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால், வருந்துகிறேன், பொறுப்பு உங்களுடையதுதான். இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி. ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கத் தனித்தனி டிக்கெட் கேட்பவர்களுக்கு, இடைவெளியைக் குறைந்தது ஐந்து ஆறு மணி நேரமாவது வைக்காமல் நான் போட்டுத் தருவதில்லை. சென்னையில் உள்நாட்டு முனையத்திலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு பன்னாட்டு முனையத்துக்குப் போய் மறுபடி செக்-இன் செய்யவே நேரம் போதாது.

பாரிஸிலிருந்து சென்னை வரும் விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். அங்கேயும் சாப்பாடு மட்டும்தானா?

இல்லை, அங்கே ரொக்கமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261 எண் விதி, 2005 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒன்றிய நாடுகளிலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும், அங்கே வந்து சேரும் ஐரோப்பிய நிறுவன விமானங்களுக்கும் இது பொருந்தும். தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ. சேருமிடத்தை 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்தாலும் இந்தத் தொகை உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. பாரிஸ்–சென்னை தூரத்துக்கு 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 600 யூரோ கேட்கலாம். நான்காவது கேள்வியில் பார்த்த தொழில்நுட்பக் கோளாறு பொதுவாக அங்கே சாக்காக ஏற்கப்படுவதில்லை. புயலும் பனியும் ஏற்கப்படும். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகும் இதே விதியைப் பவுண்டில் வைத்திருக்கிறது. ஆனால் சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும்போது இந்திய அல்லது வளைகுடா நிறுவனம் என்றால் இது பொருந்தாது. ஒரே ஊருக்குப் போகவும் வரவும் இரண்டு நியாயம் என்று பலர் குழம்புவது இதனால்தான்.

விமான நிறுவனமே மூடிவிட்டால்?

பணம் பெரும்பாலும் போனதுதான். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-இலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத் தொடக்கத்திலும் பறப்பதை நிறுத்தியபோது, டிக்கெட் வைத்திருந்தவர்கள் திவால் நடைமுறையில் கடன்காரர்களின் வரிசையில் நிற்க நேர்ந்தது. கடனட்டையில் கட்டியவர்கள் வங்கி வழியே பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது, அதையும் உடனே செய்ய வேண்டும். நிறுவனத்தைப் பற்றி மோசமான செய்திகள் வரத் தொடங்கியபின், ஆறு மாதத்துக்கு முன்கூட்டியே மலிவாக டிக்கெட் எடுக்காதீர்கள்.

நிறுவனம் பதிலே சொல்லவில்லை. எங்கே போவது? வக்கீல் வைக்க வேண்டுமா?

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். பிறகு, மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் அந்த எண்ணோடு பதிவு செய்யுங்கள். தொலைபேசியில் கேட்டு மாதக்கணக்கில் வராத பணம் அங்கே பதிந்தபின் வந்ததைப் பார்த்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915.

அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை, செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியே இணையத்திலும் தாக்கல் செய்யலாம். கால வரம்பு இரண்டு ஆண்டு. மேலே எடுக்கச் சொன்ன படங்களும் ரசீதுகளும் படிவங்களும் இங்கேதான் பேசும்.

நல்ல அனுபவம் கிடைத்தால் அதையும் எழுத வேண்டுமா? யாராவது படிப்பார்களா?

எழுதுங்கள், படிக்கிறார்கள். ‘சேவை அருமை’ என்று மொட்டையாக எழுதாமல், தேதி, விமான எண், சட்டையில் பார்த்த பெயர், அவர் செய்த காரியம் ஆகியவற்றைக் குறிப்பிட்டால் அது அந்த ஊழியரின் கோப்பில் சேர வாய்ப்பு உண்டு. ஒப்பந்தத்தில் வேலை செய்யும் தரைப்பணியாளர்களுக்கு அது மிகவும் உதவும். நாற்காலியைத் தள்ளிய பெண்ணைப் பற்றி அந்தப் பாட்டி சொல்லச் சொல்ல, என் அலுவலகக் கணினியிலிருந்து நான்தான் தட்டச்சு செய்து அனுப்பினேன். பெயர் பாட்டிக்குத் தெரியவில்லை. தேதியும் விமான எண்ணும் டிக்கெட்டில் இருந்தன. யாரென்று கண்டுபிடித்து வாழ்த்தைச் சேர்த்துவிட்டதாக நான்கு நாளில் பதில் வந்தது.